கை முழுதாக உள்ளே போகிறது: ஒரு வேலை பேன்ட், எட்டு மாதம் கழித்து

முன்பக்கப் பாக்கெட்டின் ஆழம் 27 சென்டிமீட்டர். வாய் அகலம் 16. வாங்கும் முன் நான் தேடித் தேடிக் கிடைக்காத விவரம் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பக்கத்தில் நிறத்துக்கு நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தில் நிற்கும் பெண்ணின் உயரத்தைக்கூடப் போட்டிருக்கிறார்கள். பாக்கெட் எவ்வளவு ஆழம் என்று ஒரு வரி இல்லை. பார்சல் வந்த அன்றே இரும்பு ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தேன். அப்புறம் கையை விட்டேன். மணிக்கட்டையும் தாண்டிப் போனது. பெண்கள் பேன்ட்டில் இப்படி ஒன்று என் வாழ்க்கையில் இதுவே முதல் முறை.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடமாக இதே வேலை. கேபின் கூரைமேல் நிற்பது, லிஃப்ட் பாதையின் அடியில் உள்ள குழிக்குள் இறங்குவது, மெஷின் ரூமில் மண்டியிட்டு பிரேக்கைப் பார்ப்பது என்று நாள் போகும். டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ கட்டு, சின்ன டார்ச், தளத்துக் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி, போன், ஒரு துண்டு நோட்டு, பென்சில் எல்லாம் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தோளில் பை மாட்டிக்கொண்டு போக முடியாது. சுழலும் கப்பிக்குப் பக்கத்தில் தொங்குகிற எதுவுமே எமன்தான், அது பையின் வாராக இருந்தாலும் தளர்ந்த சட்டைக் கையாக இருந்தாலும். அதனால் பாக்கெட் எங்களுக்கு அலங்காரம் இல்லை, கருவிப் பெட்டியில் பாதி.

இதற்கு முன் போட்டிருந்தது வேறொரு நிறுவனத்தின் 'பெண்கள் வேலை பேன்ட்'. பெயர் வேண்டாம். அதன் முன்பக்கத்தில் வலது பாக்கெட் பொய். பாக்கெட் போலத் தையல் ஓட்டி, வாயை மூடி, பொத்தான் மட்டும் வைத்திருந்தார்கள். இடது பாக்கெட் உண்மையானது, ஆனால் நான்கு விரல் போனால் கட்டைவிரல் வெளியே நிற்கும். பின்பாக்கெட் 11 சென்டிமீட்டர். என் போன் 16. மீதி ஐந்து சென்டிமீட்டர் எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாவது மாடியில் கேபின் கூரைமேல் நின்று கதவு பெல்ட்டைச் சரி செய்து கொண்டிருந்தேன். குனிந்தேன். இடுப்புக்குப் பின்னால் ஏதோ நழுவுவது தெரிந்தது. கை போவதற்குள் போன் கூரை விளிம்பில் ஒருமுறை தட்டி, கேபினுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் போய்விட்டது. 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவதற்குள் கீழே சத்தம். மேலே ஆள் இருக்கும்போது குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பது எங்கள் விதி. என்னோடு வேலை பார்க்கும் தம்பி அந்த விதியைச் சரியாகப் பிடித்து வெளியே நின்றிருந்தான். கொஞ்சம் அவசரக்காரனாக இருந்திருந்தால் போன் அவன் தலையில் விழுந்திருக்கும். நான் வெளியே வந்த பிறகு ஸ்டாப் ஸ்விட்சை அழுத்திவிட்டு இறங்கி அதை எடுத்துக் கொடுத்தவன், "போன் போனா போகுதுக்கா, இதே ஸ்க்ரூ டிரைவரா இருந்தா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த பேன்ட்டை ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன், பாக்கெட்டை ஆழமாக்கித் தர முடியுமா என்று. பொய்ப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே துணி வைக்க நிறைய இடம் இருந்தது. "லேடீஸ் பேன்ட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு ஆழம்? ஷேப் போயிடும்" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை, பாக்கெட்டையும் நன்றாகவே தைத்துக் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆண்கள் பேன்ட்டை வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஆறு வருடம் அதைத்தான் போட்டேன். இடுப்புக்குச் சரியாக எடுத்தால் தொடையில் பிடிக்கும். தொடைக்குச் சரியாக எடுத்தால் இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். பெல்ட்டை இறுக்கினால் துணி மடிந்து முதுகில் குத்தும். காலை மூன்று மடிப்பு மடித்துவிட்டால் மடிப்புக்குள் இரும்புத்தூள் சேரும், ஏணியில் ஏறும்போது பிரிந்து காலடியில் வரும். பாக்கெட்டுக்காக ஒரு ஆபத்தை விட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்ட கதை.

சரி, இந்த பேன்ட்டுக்கு வருகிறேன். மொத்தம் ஆறு பாக்கெட். முன்னால் இரண்டு. பின்னால் இரண்டு, மேல்மூடியோடு. வலது தொடையில் ஜிப் வைத்த ஒன்று. இடது தொடையில் டெஸ்டருக்கும் பென்சிலுக்கும் ஏற்ற ஒல்லியான ஒன்று. முன்பாக்கெட்டின் உள்துணி, வெளித்துணிக்குச் சமமான கனம். வழக்கமாக இங்கேதான் ஏமாற்றுவார்கள். வெளியே முரட்டுத் துணி, உள்ளே கைக்குட்டை போல ஒன்று, சாவி இரண்டு மாதத்தில் ஓட்டை போட்டுவிடும். இதில் எட்டு மாதமாக அந்த முக்கோணச் சாவி ஒரே பாக்கெட்டில்தான் கிடக்கிறது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பாக்கெட் வாயின் இரு முனையிலும் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் தொடைப் பாக்கெட் தானாகப் பக்கவாட்டில் திரும்புகிறது, ஸ்க்ரூ டிரைவர் வயிற்றில் குத்துவதில்லை. இதை வரைந்தவர் ஒருநாளாவது மண்டியிட்டு வேலை பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது.

தையல்காரரின் கேள்விக்குப் பதில் தேடிப் பல ராத்திரி படித்தேன். எதுக்கு இவ்வளவு ஆழம் என்று எப்போதிலிருந்து கேட்கிறார்கள்?

ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஆண்களின் உடையோடு சேர்த்தே பாக்கெட்டைத் தைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்களுக்கு அது தனி உருப்படி. ஒரு நாடாவில் இரண்டு பைகளைக் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பாவாடையின் பக்கவாட்டில் கீறல் இருக்கும், அதன் வழியே கையை விட்டு எடுக்க வேண்டும். படங்களில் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, அவ்வளவு பெரிய பைகள். சாவி, ஊசிக்கூடு, கத்தரி, சில்லறை எல்லாம் போகும். நாடாவை அறுத்துப் பையோடு திருடிப் போன வழக்குகள் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உடம்போடு ஒட்டிய மெல்லிய உடைகள் வந்தன. உள்ளே பை கட்டினால் புடைத்துத் தெரியும். ஆகவே கையில் ஒரு குட்டிச் சுருக்குப் பை. பிரெஞ்சில் அதற்கு 'கேலிக்குரியது' என்று பொருள்படும் பெயர்கூட ஒட்டிக்கொண்டது. ஷேப் போயிடும் என்று எங்கள் தையல்காரர் சொன்னதன் முப்பாட்டன் வாக்கியம் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

படித்ததில் என்னை நிறுத்தி வைத்தது பையல்ல, பைக்குள் இருந்த காசு. இங்கிலாந்துப் பொதுச் சட்டப்படி கல்யாணம் ஆனதும் மனைவியின் கைப்பொருள் எல்லாம் கணவனுடையது. இடுப்பில் கட்டியிருப்பது அவள், உள்ளே இருக்கும் சில்லறை அவருடையது. வாக்குரிமைக்காகப் போராடிய மில்லிசன்ட் ஃபாசெட்டின் பர்ஸை 1870களில் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஒருவன் திருடிவிட்டான். திருடன் பிடிபட்டான். நீதிமன்றத்துக்குப் போனால் குற்றப் பத்திரிகையில் எழுதியிருந்தது இப்படி: மில்லிசன்ட் ஃபாசெட்டிடமிருந்து, ஹென்றி ஃபாசெட்டுக்குச் சொந்தமான 1 பவுண்ட் 18 ஷில்லிங் 6 பென்ஸ் இருந்த பர்ஸைத் திருடியது. ஹென்றி அவருடைய கணவர். திருட்டுப் பட்டத்தைத் தன் மேலேயே கட்டியது போல இருந்தது என்று அந்த அம்மா பிற்பாடு எழுதினார். இதைப் படித்த ராத்திரி என் பேன்ட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

1870-ல் வந்த சட்டம், மனைவி தானே உழைத்துச் சம்பாதித்த கூலியை அவளுக்கே விட்டது. சொத்து முழுவதையும் சொந்தப் பெயரில் வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் லண்டனில் 'பகுத்தறிவு உடைச் சங்கம்' தொடங்கியிருந்தார்கள். இடுப்பை இறுக்கும் கச்சும் கிலோக் கணக்கில் கனக்கும் உள்பாவாடையும் ஒரு பெண்ணை நடக்கவே விடுவதில்லை என்பது அவர்கள் கட்சி. 1910-ல் நியூயார்க் டைம்ஸ், வாக்குரிமைக்காரர்களின் உடையில் நிறையப் பாக்கெட் என்றே தலைப்புப் போட்டு ஒரு செய்தி வெளியிட்டது. 1915-ல் ஓர் அமெரிக்க எழுத்தாளர், பெண்களுக்கு ஓட்டு கூடாது என்று சொல்லப்பட்ட காரணங்களையெல்லாம் எடுத்து, ஓட்டு வரும் இடத்தில் பாக்கெட்டைப் போட்டு நையாண்டி செய்தார். பெரும்பாலான பெண்களுக்கு அது வேண்டாம், வேண்டுமென்றால் இதற்குள் வாங்கியிருப்பார்கள் என்பது அதில் ஒன்று. எனக்குப் பழைய பேன்ட்டை விற்ற நிறுவனம், நான் அனுப்பிய புகாருக்கு ஏறக்குறைய இதையே பதிலாக அனுப்பியிருந்தது. பெண் வாடிக்கையாளர்கள் ஆழமான பாக்கெட்டைக் கேட்பதில்லையாம். அப்போது நான் எழுதிய கடிதத்தை யார் எழுதியது?

பேன்ட்டுக்கே அனுமதி கேட்ட காலமும் உண்டு. 1800 நவம்பரில் பாரிஸ் காவல்துறை ஓர் ஆணை போட்டது. ஆண் உடை உடுத்த விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். விலங்குகளை வரைவதில் பெயர் பெற்ற ரோசா போனர், மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை என்று போய் நின்று வரைகிறவர். சேற்றிலும் சாணியிலும் பாவாடை என்ன ஆகும்? அவருக்கு 1857-ல் கொடுத்த அனுமதிச் சீட்டு இன்றும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும், உடல்நலக் காரணம் என்று குறிப்பு. வேலை வசதிக்காக என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை போல. 1892-லும் 1909-லும் அந்த ஆணையைத் தளர்த்தினார்கள்: கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் பேன்ட் போடலாம். ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாகச் சொன்னது 2013-ல். நான் வேலைக்குச் சேர்ந்த வருடமெல்லாம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது.

வேலைக்கும் இதே கதைதான். லிஃப்டில் பெண்கள் நிற்பது புதிதில்லை. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது பிரிட்டனில் பெண்கள் லிஃப்ட் இயக்கினார்கள். கதவை மூடு, லிஃப்டை நகர்த்து, எந்த மாடி என்று கேள். அதற்குத் தடையில்லை. மோட்டாரைத் திறப்பதுதான் வேறு கதை. ரஷ்யாவில் 2000-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று பெண்களுக்கு 456 வேலைகளைத் தடை செய்திருந்தது, அவர்கள் உடல்நலத்தைக் காப்பதற்காகவாம். 2021-ல் அதைச் சுமார் நூறாகக் குறைத்தார்கள். அந்த ஜனவரியில்தான் மாஸ்கோ மெட்ரோவில் பெண் ஓட்டுநர்கள் மறுபடி ரயிலை எடுத்தார்கள். மறுபடி என்றால், தடைக்கு முந்தைய காலத்தில் அதே சுரங்கத்தில் பெண்கள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 'பெண்ணால் முடியுமா' என்று என்னிடம் இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. கதவு மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும்போது மட்டும் யாரும் கேட்டதில்லை.

அளவு விஷயத்தில் நான் புலம்புவது மிகையாகத் தெரிந்தால் நாசாவைப் பாருங்கள். 2019 மார்ச்சில் முதன்முறையாக இரண்டு பெண்கள் மட்டும் விண்வெளி நடை போவதாக இருந்தது. இருவருக்குமே விண்வெளி உடையின் மேலுடல் பாகம் மீடியம் அளவில்தான் பொருத்தம். நிலையத்தில் தயாராக இருந்தது ஒன்றே ஒன்று. ஒருவர் மாற்றப்பட்டார், பெண்கள் மட்டும் போகும் நடை தள்ளிப் போனது. அக்டோபர் 18-ல் கிறிஸ்டினா கோக்கும் ஜெசிகா மெய்ரும் அதைச் செய்தார்கள். ஏழு மாதம். விண்வெளிக்கே அப்படி என்றால் லிஃப்ட் குழிக்கு யார் கவலைப்படப் போகிறார்கள்?

2018-ல் அமெரிக்காவில் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸை எடுத்து அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் குட்டை, 6.5 சதவீதம் குறுகல். நான் ஸ்கேலோடு உட்கார்ந்த அன்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் ஸ்கேலோடு உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிய பிறகு சிரிப்பு நின்றது. அம்மா மட்டும் தன் பழைய கைப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதத் தூக்கித் தூக்கியே எனக்கு இந்தத் தோள் எறங்கிப் போச்சு" என்றாள்.

இனி குறைகள். இருக்கின்றன, சின்னவையும் அல்ல.

முழங்கால் திண்டு வைக்கும் உறை தவறான இடத்தில் இருக்கிறது. என் உயரம் 157 சென்டிமீட்டர். எனக்கு அது முழங்காலுக்குக் கீழே, கணைக்காலில் உட்காருகிறது. மண்டியிட்டால் எலும்பு நேராகத் தரையில். காலை மடித்துத் தைத்தாலும் உறை இடம் மாறாது. உயரமான பெண்களுக்கு இது சரியாக இருக்கலாம். அப்படியென்றால் இரண்டு நீளத்தில் தைத்திருக்க வேண்டாமா? ஆண்கள் பிரிவில் அதே நிறுவனம் மூன்று நீளம் தருகிறது, பார்த்தேன்.

தொடைப் பாக்கெட் ஜிப் மூன்றாம் மாதம் மாட்டிக்கொண்டது. கிரீஸும் தூசியும் சேர்ந்ததுதான் காரணம், மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் ஓடுகிறது. ஆனால் வேலை பேன்ட்டில் கிரீஸ் படும் என்று அவர்களுக்குத் தெரியாதா? பெல்ட் கண்ணி ஐந்துதான். கருவிப் பட்டை மாட்டினால் முதுகுப் பக்கம் தொங்குகிறது. ஏழு வேண்டும். கருநீலம் முழங்காலில் சாம்பலாகிவிட்டது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. இளஞ்சிவப்பிலும் கிடைக்கிறது. கியர் எண்ணெய் சொட்டும் இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஆளை ஒருமுறையாவது பார்க்க ஆசை.

விளம்பரப் படத்தில் அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், ஆறு பாக்கெட்டும் காலி. 'மெலிதாகக் காட்டும் வெட்டு' என்று கீழே ஒரு வரி. ஆண்கள் பக்கத்தில் அதே இடத்தில் 'கூடுதல் உறுதி' என்று இருக்கிறது. துணி ஒன்றுதான், தொட்டுப் பார்த்துவிட்டேன்.

பெரிய குறை இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லை. என்னோடு மெஷின் ரூமில் வேலை பார்த்த ஒருத்தி ஐந்தாம் மாதம் வரை கணவரின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள், கொக்கி போடாமல், மேலே நீளச் சட்டை. பிரசவகாலப் பாதுகாப்புக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு முதல் உடன்படிக்கையைப் போட்டது 1919-ல், அந்த அமைப்பு தொடங்கிய அதே வருடத்தில். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த வேலை பேன்ட் இன்னும் இந்த நிறுவனத்தின் பட்டியலில் வந்து சேரவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது.

துவைப்பது பற்றி ஒரு வரி: உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள், பாக்கெட்டைத் துழாவிவிட்டுப் போடுங்கள். ஆழம் அதிகம் என்பதால் அடியில் கிடப்பது தெரிவதில்லை. இதுவரை மெஷினில் போனவை இரண்டு ஆலன் கீ, ஒரு பென்சில், ஒரு நட்டு. இந்தத் தொல்லை எனக்குப் புதிது, பிடித்தும் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒரு புள்ளி முழங்காலுக்குப் போய்விட்டது. 165 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். இடுப்பு அளவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக வருகிறது, ஒரு அளவு குறைத்தே எடுங்கள்.

போன மாதம் பயிற்சிக்கு ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பத்தொன்பது வயது. முதல் வாரம் ஜீன்ஸில் வந்தாள், டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு ஏணி ஏறினாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை, நானும் அப்படித்தான் ஏறியிருக்கிறேன். என் இரண்டாவது ஜோடியை அவளுக்குக் கொடுத்தேன், எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. போட்டுக்கொண்டு வந்தவள் இரண்டு கையையும் முன்பாக்கெட்டில் முழங்கை வரை போகும் என்பது போல விட்டுக்கொண்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு, லிஃப்ட் கதவு முன்னால் அப்படியே நின்றாள்.

"கைய வெளிய எடும்மா. குழிக்குள்ள எறங்கணும்."

"ஒரு நிமிஷம்க்கா" என்றாள்.